மின்னழுத்தத்தைக் கொண்டு பிராசஸரின் தரத்தை அறிவது எப்படி? தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை விளக்கம்

ஒரே பெயரில் ஒரே விலைக்கு விற்கப்படும் இரண்டு பிராசஸர்கள் ஒரே தரத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. சிலிக்கான் தகட்டில் டிரான்சிஸ்டர்களை உருவாக்கும்போது அவற்றின் அளவிலும் மின்பண்புகளிலும் நுண்ணிய வேறுபாடுகள் ஏற்படுவதைத் தவிர்க்க முடியாது. அதனால் ஒரு சில்லு 1.28 வோல்ட்டில் எட்டிவிடும் வேகத்தை, அதே வகையைச் சேர்ந்த இன்னொரு சில்லு 1.38 வோல்ட் கொடுத்தால்தான் எட்டும். ஓவர்கிளாக் செய்பவர்கள், அதாவது பிராசஸரை அதன் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுபவர்கள், இதைச் சிலிக்கான் லாட்டரி என்பார்கள். இன்டெல் நிறுவனம் 8086 பிராசஸரின் நாற்பதாம் ஆண்டையொட்டி 2018-ல் வெளியிட்ட கோர் ஐ7-8086கே, ஐ7-8700கே வகையில் கூடுதல் வேகத்தைத் தாங்கும் சில்லுகளுக்குத் தனிப்பெயர் சூட்டியது போன்றதுதான்.

அந்த 0.1 வோல்ட் வேறுபாடு அற்பமானதன்று. வேகம் மாறாதிருக்கும்போது பிராசஸரின் இயக்க மின்செலவு ஏறத்தாழ மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 1.28-லிருந்து 1.38-க்குப் போனாலே சுமார் 16 சதவீதம் கூடுதல் வெப்பத்தைக் கூலர் வெளியேற்ற வேண்டியிருக்கும்.

இந்த விளக்கத்துக்கு 2017-ல் வந்த ஐ7-8700கே பிராசஸரை எடுத்துக்கொள்கிறேன். ஆறு கோர்கள் கொண்ட இதில், எல்லாக் கோர்களும் வேலை செய்யும்போது வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ், ஒரே கோர் வேலை செய்யும்போது 4.7 கிகாஹெர்ட்ஸ். பெருக்கெண் (பிராசஸரின் வேகத்தைத் தீர்மானிக்கும் எண்) பூட்டப்படாத பிற பிராசஸர்களுக்கும் முறை இதுவே, எண்கள் மட்டும் மாறும்.

முதல் படி: பயாஸ் அமைப்பு

பயாஸை (கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புப் பட்டியலை) முதலில் இயல்புநிலைக்குக் கொண்டுவாருங்கள். மெமரியைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்து வையுங்கள். மெமரியால் வரும் பிழையைப் பிராசஸரின் பிழை என்று எண்ணிவிடக் கூடாது. கேஷ் (பிராசஸரின் உள்நினைவகம்) வேகத்தைத் தானியங்கியாக விடாமல் ஓர் எண்ணில் நிறுத்தி, ஏவிஎக்ஸ் என்ற கனமான கணக்கீட்டுக் கட்டளைகள் ஓடும்போது வேகத்தைக் குறைக்கும் ஏவிஎக்ஸ் ஆஃப்செட்டைச் சுழியமாக்குங்கள். எல்லாக் கோர்களுக்கும் பெருக்கெண்ணை 47 (அதாவது 4.7 கிகாஹெர்ட்ஸ்) என்றும், மின்னழுத்தத்தை மேனுவல் முறையில் 1.25 வோல்ட் என்றும் அமையுங்கள்.

லோட் லைன் கேலிப்ரேஷன் என்ற அமைப்பில் நடுத்தர நிலையைத் தேர்ந்தெடுத்து, சோதனை முடியும்வரை அதை மாற்றாமல் விடுங்கள். சுமை ஏறும்போது மின்னழுத்தம் எவ்வளவு இறங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். நிலைகளின் எண் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் (ஏஸ்ராக் போர்டுகளில் 1 என்பது மிக வலுவான நிலை, அசுஸ் போர்டுகளில் எண் கூடக் கூட வலு கூடும்) பிறர் சொன்ன எண்ணை அப்படியே போடாமல், உங்கள் மதர்போர்டின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: எல்லையைத் தேடுதல்

வேகத்தை மாற்றாமல் மின்னழுத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டே வருவதுதான் இங்கே செய்ய வேண்டியது. இரண்டையும் சேர்த்து மாற்றினால், கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இருக்காது. முதலில் 0.02 வோல்ட் வீதம் குறைத்து, ஒவ்வொரு முறையும் சினிபெஞ்ச் என்ற மென்பொருளின் பிராசஸர் சோதனையைச் சில சுற்றுகள் ஓட்டுங்கள். தோல்வி தென்பட்டதும் கடைசியாகத் தேறிய அளவுக்குத் திரும்பி, அங்கிருந்து 0.01 வோல்ட் வீதம் நெருங்குங்கள். பிறகு பிராசஸருக்கு முழுச்சுமை கொடுக்கும் பிரைம்95 என்ற மென்பொருளின், ஏவிஎக்ஸைப் பயன்படுத்தாத 26.6 பதிப்பைக் குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டி உறுதி செய்யுங்கள்.

நீலத்திரை (விண்டோஸ் செயலிழக்கும்போது வரும் பிழைத்திரை) வந்தால் மட்டுமே தோல்வி என்று தொடக்கநிலையாளர்கள் பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அதற்கு வெகு முன்பே பிராசஸர் தடுமாறத் தொடங்கியிருக்கும். பிரைம்95 ஓடிக்கொண்டிருக்கும்போது அருகில் எச்டபிள்யூ இன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து, பட்டியலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் வன்பொருள் பிழைகளின் வரியைக் கவனியுங்கள். திரை உறையவில்லை, மவுஸ் நகர்கிறது, எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் அந்த வரியில் சுழியம் ஒன்றாக மாறினால், அந்த மின்னழுத்தம் போதவில்லை என்று பொருள். பிரைம்95-இல் ஒரு வொர்க்கர் (சோதனையின் தனித்தனியே ஓடும் ஒரு பகுதி) மட்டும் கணக்குப் பிழை காட்டி நின்றுபோய், மற்றவை ஓடிக்கொண்டிருப்பதும் தோல்விதான். நீலத்திரையே வந்து அதில் 0x101 அல்லது 0x124 என்ற குறியீடு இருந்தால், பெரும்பாலும் கோர் மின்னழுத்தக் குறைவையே சந்தேகிக்க வேண்டும்.

வெப்பநிலையிலும் ஒரு கண் இருக்கட்டும். இந்தப் பிராசஸரின் உச்சவரம்பு 100 டிகிரி செல்சியஸ். அதைத் தொட்டால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், அந்தச் சோதனை செல்லாது. நான் 85 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை, 1.40 வோல்ட்டுக்கு மேலும் போவதில்லை.

மூன்றாம் படி: வேகத்தைக் கூட்டிச் சரிவைப் பார்த்தல்

4.7-க்கான மின்னழுத்தம் கிடைத்ததும் 4.8, 4.9, 5.0 என்று ஏறி, ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் குறைந்தபட்ச அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, 4.8-க்குச் செல்ல 0.03 வோல்ட்டும், 4.9-க்குச் செல்ல 0.04 வோல்ட்டும் தேவைப்பட்டு, 5.0-க்கு மட்டும் 0.08 வோல்ட் கேட்டால், அந்தச் சில்லின் இயல்பான எல்லை 4.9 என்று கொள்ளலாம். கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்காக அவ்வளவு வெப்பத்தை ஏற்பது, என் பார்வையில், தகாத வியாபாரம். தரத்தை மதிப்பிட 5.0-இல் கிடைக்கும் ஒற்றை எண்ணைவிட, வேகம் ஏற ஏற மின்னழுத்தத் தேவை உயரும் இந்தச் சரிவே நம்பகமானது என்பது என் உறுதியான கருத்து.

ஒற்றை எண்தான் வேண்டும் என்பவர்களுக்கு: ஏவிஎக்ஸ் இல்லாத சோதனையில் 5.0 கிகாஹெர்ட்ஸை 1.30 வோல்ட்டுக்குள் தாங்கும் 8700கே நல்ல சில்லு. 1.35-ஐ ஒட்டி வருவது நடுத்தரம். 1.40-ஐத் தாண்டிக் கேட்பதை 4.8-இல் வைத்துப் பயன்படுத்துவதே நல்லது.

எண்களை ஒப்பிடும்போது

இங்குதான் பெரும்பாலான ஒப்பீடுகள் பிழைபடுகின்றன. பயாஸில் நீங்கள் இட்ட அளவு வேறு, சுமையின்போது பிராசஸருக்கு உண்மையில் கிடைக்கும் அளவு வேறு; ஒப்பிட வேண்டியது பின்னதையே. அதிலும் சில மதர்போர்டுகள் சாக்கெட்டுக்கு அருகிலும், வேறு சில பிராசஸரின் உள்ளிருந்தும் அளப்பதால், ஒரே சில்லு இரண்டு போர்டுகளில் இரண்டு எண்களைக் காட்டக்கூடும். வெப்பமும் கணக்கில் சேரும்: சூடு ஏறினால் அதே வேகத்துக்குச் சற்றே கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும் என்பதால், குளிரூட்டப்பட்ட அறையில் தேறிய அளவு கோடை நண்பகலில் தோற்கலாம்.

மின்கசிவு என்ற இன்னொன்றும் உண்டு. சில சில்லுகள் குறைந்த மின்னழுத்தத்தில் வேகமாக ஓடினாலும், டிரான்சிஸ்டர்கள் வழியே மின்னோட்டம் அதிகம் கசிவதால் எதிர்பார்த்ததைவிடச் சூடாக இருக்கும். ஆகவே மின்னழுத்தத்துக்குப் பக்கத்திலேயே மின்செலவு, உச்ச வெப்பநிலை, அறை வெப்பநிலை, கூலரின் பெயர், சோதனை மென்பொருளின் பதிப்பு ஆகியவற்றையும் எழுதி வையுங்கள். பிறருடைய எண்ணைப் பார்க்கும்போதும் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

அன்றாடப் பயன்பாட்டுக்கு, கண்டறிந்த குறைந்தபட்ச அளவோடு 0.02 வோல்ட் சேர்த்து அமைத்து, எக்ஸ்எம்பியை மீண்டும் இயக்கி, சோதனையை இன்னொரு முறை ஓட்டிவிடுங்கள். ஒப்பீட்டுக்குக் கொடுக்க வேண்டியது மட்டும் அந்த 0.02 சேராத எண்.