முழங்கால் வலி: ஸ்கானுக்கு வைத்தியம் பார்க்காதீர்கள்

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறார் என் பெரியம்மா. லிப்ட் பழுதான நாட்களில் கைப்பிடியைப் பிடித்து ஒரு படி, பிறகு ஒரு மூச்சு. முழங்கால் வலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கானில் 'சவ்வு கிழிசல்' (மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது) என்று வந்ததுமே, ஒப்பரேஷன்தான் என்று வீட்டில் எல்லோரும் முடிவெடுத்துவிட்டோம்.

முதல் தவறு அதுதான். ஐம்பதைத் தாண்டியவர்களில் வலியே இல்லாத பலருக்கும் ஸ்கானில் கிழிசல் தெரியும். தேய்கிறது என்று சொல்லும் குருத்தெலும்பில், அதாவது எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான படலத்தில், நரம்பும் இல்லை. வலி சுற்றியுள்ள எலும்பிலும் மூட்டுறையிலும் இருந்து வருகிறது. படத்தில் தெரிவதே வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

"துளை போட்டுச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும்" என்பது அடுத்தது. 2002இல் அமெரிக்காவில் முழங்கால் மூட்டுத் தேய்மானமுள்ள 180 பேரிடம் சோதித்தார்கள். சிலருக்கு உண்மையான சத்திரசிகிச்சை, சிலருக்குத் தோலில் வெறும் கீறல். இரண்டு வருடம் கழித்தும் வலியில் வித்தியாசம் இல்லை! ஆனால் விபத்தில் கிழிந்த இளம் முழங்காலும், மடக்கிய இடத்திலேயே பூட்டிக்கொள்ளும் முழங்காலும் வேறு கதை.

அப்புறம் பிசியோதெரபி. இரண்டு வாரம் செய்துவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று விடுவதுதான் நம்மவர் வழக்கம். காலை நீட்டி, சுருட்டிய துவாயை முழங்காலுக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கித் துவாயை அழுத்தி, ஐந்து எண்ணி விடுங்கள். பார்க்க ஒன்றுமில்லாத வேலைதான். ஆனால் தொடைத் தசை பலப்பட இரண்டு மூன்று மாதம் வேண்டும். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ பாரம் குறையும்.

முழங்காலில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் ஆறுதல் தரும். அதையே மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வருடம் போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்ததை 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குச் சில நாள் சீனியும் ஏறும். எண்ணெய் தடவுவதில் குற்றமில்லை, இதமாக இருக்கும், தேய்ந்ததை வளர்க்காது. பெயர் தெரியாத பொடியைக் குடிப்பதாக இருந்தால் வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: பயத்தில் மூட்டு மாற்றுச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது. இரவில் வலி எழுப்பினால், கால் வளைந்துகொண்டே போனால், சந்திக் கடைக்குப் போகவே முடியாவிட்டால் அதைப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. மாற்றிய மூட்டுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் 25 வருடம் தாங்குகின்றன. ஒப்பரேஷன் திகதிக்குக் காத்திருக்கும் மாதங்களிலும் துவாய்ப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். மெலிந்த தொடையோடு போனால், எழுந்து நடக்க நாளாகும்.