சைக்கிளுக்குப் பொருந்தும் பாட்டம் பிராக்கெட்டைத் தேர்ந்தெடுப்பது

திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலிலும் ஐப்பசி மழையிலும் ஓடும் சைக்கிளில், பெடலைத் தாங்கும் கையான கிராங்கை இறுக்கிய பின்னும் அது பக்கவாட்டில் ஆடி, மிதிக்கும்போது கரகரவென்று சத்தம் எழுந்தால், இரு கிராங்குகளையும் இணைக்கும் அச்சும் பேரிங்குகளும் அடங்கிய பாட்டம் பிராக்கெட் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

புதியதை வாங்குமுன் பழையதைக் கழற்றி, அது அமரும் குழாயின் அகலத்தை வெர்னியர் காலிப்பரால் அளக்க வேண்டும். பி.எஸ்.ஏ. எனப்படும் ஆங்கில முறை மரையுள்ள சட்டங்களில் இது பெரும்பாலும் 68 அல்லது 73 மில்லிமீட்டர். இத்தாலிய மரையில் 70. பி.எஸ்.ஏ. வகையில் செயின் பக்கத்துக் கப் (பேரிங் அமரும் கிண்ணம்) இடது மரை கொண்டதால், கடிகார முள் செல்லும் திசையில் சுற்றினால்தான் கழலும். எதிர்த்திசையில் வலிந்து முறுக்கினால் சட்டத்தின் மரையே சிதைந்துவிடும் என்பதால், இதில் மிகுந்த கவனம் தேவை.

அடுத்தது அச்சு. காட்டர் பின் என்ற ஆப்பு ஆணியால் இறுக்கப்படும் கிராங்க் சதுர முனை அச்சில் ஏறாது. சதுர முனையிலும் ஷிமானோ நிறுவனம் பின்பற்றும் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவும் ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர அளவும் வேறு வேறு. அச்சின் நீளம் 110, 113, 122.5 மில்லிமீட்டர் எனப் பலவாக இருப்பதால், பழையதன் நீளத்தையே கேட்டு வாங்குங்கள். குறைந்தால் பல்சக்கரம் சட்டத்தில் உரசும், கூடினால் செயின் நேர்கோட்டிலிருந்து விலகும்.

திருநெல்வேலிக் கடைகளுக்குச் செல்லும்போது பழைய அச்சையும் கப்புகளையும் உடன் கொண்டுசெல்வதே, என் கருத்தில், எந்தக் குறிப்பையும்விட நம்பகமானது.