வகையை விட்டுவிட்டுத் தேடுங்கள்

புதுப் பாட்டுகளை ராக், ஜாஸ் என்று இசை வகையை வைத்துத் தேடினால் கேட்ட குரல்களே திரும்ப வரும். நான் நாட்டையும் காலத்தையும் வைத்துத் தேடுவேன். ரேடியோஓஓஓ தளத்தில் (பெயரே அப்படித்தான் இழுக்கும்) உலக வரைபடத்தில் எத்தியோப்பியாவைத் தொட்டு, 1970களைத் தேர்ந்தெடுங்கள். மெதுவானது, வேகமானது, விசித்திரமானது என மூன்று தெரிவுகள் இருக்கும். விசித்திரத்தை மட்டும் விட்டுவைத்து மற்றதை அணைத்துவிடுங்கள்.

அப்புறம் பேண்ட்கேம்ப், இசைக்கலைஞர்கள் தங்கள் ஆல்பங்களை விற்கும் தளம். ஆல்பம் பக்கத்தின் அடியில் உள்ள குறிச்சொற்களில் ஊர்ப் பெயரை அழுத்திப் பாருங்கள். அதைவிட நல்ல வழி, அதே பக்கத்தில் வரிசையாகத் தெரியும் சின்னப் படங்கள். அவர்கள் அந்த ஆல்பத்தை வாங்கியவர்கள். ஒருவரைத் தொட்டால் அவருடைய சேகரிப்பு விரியும். காசு கொடுத்து வாங்கியவரின் ரசனையை எந்த அல்காரிதத்தையும்விட நம்புவேன். பிடித்த பாட்டின் பெயரை உடனே குறித்துக்கொள்ளுங்கள், ஓடிப்போனால் பிடிப்பது கஷ்டம்.