ஷாப் ஹாப்புக்குக் குயில்ட் கடையைத் தயார் செய்வது: முதல்முறை சேரும் கடைகளுக்கான செய்முறை

அமெரிக்காவில் குயில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை, தைப்பவர்களுக்கு ஷாப் ஹாப் என்றால் தேர்த்திருவிழா மாதிரி. ஒரு வட்டாரத்தில் இருக்கும் எட்டுப் பத்துத் துணிக்கடைகள் கூடி நாள் குறிக்கும். வருகிறவர் கையில் ‘பாஸ்போர்ட்’ என்று ஒரு குட்டிப் புத்தகம் இருக்கும். கடை கடையாக ஏறி இறங்கி அதில் முத்திரை வாங்க வேண்டும். எல்லா முத்திரையும் விழுந்தால் பெரிய பரிசுக் குலுக்கலில் பெயர் சேரும். சில ஊர்களில் இது வியாழன் தொடங்கி ஞாயிறோடு முடியும். அயோவா, மிச்சிகன் போன்ற இடங்களில் மாநிலம் முழுக்க வாரக்கணக்கில் ஓடும்.

ஒரே நாளில் நாலைந்து கடை பார்க்க வேண்டியவர் உங்கள் கடையில் அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி நேரம் இருப்பார். வாங்கும் மனசோடுதான் வருவார், ஆனால் துணி வெட்டும் மேசையில் இருபது நிமிடம் நிற்க மாட்டார். ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். பேருந்தில் 40 பேர் வந்து இறங்குகிறார்கள். அதில் பாதிப் பேர் ஆளுக்கு மூன்று துணி வெட்டித் தரச் சொன்னால் 60 வெட்டு. துணி சுற்றிய அட்டையிலிருந்து பிரித்து, அளந்து, வெட்டி, மடித்து, சீட்டு எழுத ஒன்றுக்கு 2 நிமிடம் என்றாலும் மொத்தம் 120 நிமிடம். இரண்டு பேர் வெட்டினாலும் ஒரு மணி நேரம். பேருந்து அதற்குள் அடுத்த கடைக்குக் கிளம்பியிருக்கும்! ஆகவே வெட்ட வேண்டியதில் பெரும்பங்கை முன்கூட்டியே வெட்டி வைப்பதுதான் இந்தத் தயாரிப்பில் முக்கால்வாசி வேலை.

மூன்று மாதம் முன்பு: பிளாக்கும் துணியும்

ஒவ்வொரு கடையும் தனக்கென ஒரு பிளாக், அதாவது குயில்டின் ஒரு கட்டம், தேர்ந்தெடுத்து அதன் செய்முறைத் தாளை இலவசமாகக் கொடுக்கும். தாள் இலவசம், வெட்டிய துணி அடங்கிய கிட் விலைக்கு. சாடூத் ஸ்டார், சர்ன் டேஷ், ஒஹையோ ஸ்டார் போன்ற பழைய வடிவங்கள் யாருக்கும் சொந்தமில்லை, தாராளமாக எடுக்கலாம். ஆனால் ஒருவர் வரைந்து அச்சிட்ட படமும் விளக்கமும் அவருக்குச் சொந்தம். புத்தகத்திலிருந்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்காதீர்கள். நீங்களே வரைந்து எழுதுங்கள், இல்லாவிட்டால் வடிவமைத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

துணியை மொத்தமாக ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். பூப்போட்ட துணித் தொகுப்புகளைப் பெரும்பாலும் ஒரு தடவைதான் அச்சிடுவார்கள். பாதியில் தீர்ந்துபோனால் மறுபடி கிடைக்காது. கிடைத்தாலும் சாயத்தொட்டி மாறி நிறம் ஒரு மாற்றுக் குறைவாகவோ கூடுதலாகவோ இருக்கும். பின்னணிக்கு மட்டும் எப்போதும் கிடைக்கும் வெற்று நிறத் துணியாகப் பாருங்கள். கோனா காட்டன், பெல்லா சாலிட்ஸ் போன்றவை அந்த ரகம்.

எத்தனை கிட்? போன வருடம் அந்த வட்டாரத்தில் ஒரு கடைக்குச் சராசரியாக எத்தனை முத்திரை விழுந்தது என்று ஏற்பாட்டுக் குழுவிடம் கேளுங்கள். 500 பேர் வருவார்கள் என்று தெரிந்தால் 100 கிட் வெட்டி, இன்னொரு 50-க்கான துணியை வெட்டாமல் வைத்திருங்கள். வெட்டாத துணியைக் கெஜக்கணக்கில் எப்போதும் விற்கலாம். பிளாக்குக்கென்று வெட்டிய துண்டுகளை அப்படி விற்க முடியாது.

100 கிட்டுக்குத் துணிக் கணக்கு

இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள், அதனால் ஒரு பிளாக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 12 அங்குல சாடூத் ஸ்டார். நடுவில் ஒரு சதுரம், நாலு மூலைச் சதுரம், நாலு பக்கமும் ‘பறக்கும் வாத்து’ என்று சொல்லும், முக்கோணங்கள் சேர்ந்த செவ்வகங்கள். கால் அங்குலத் தையல் ஓரம் சேர்த்து ஒரு கிட்டுக்கு வேண்டியவை:

- நடுச் சதுரம்: 6½ அங்குலம், 1
- பின்னணித் துணியில்: 7¼ அங்குலச் சதுரம் 1, 3½ அங்குலச் சதுரம் 4
- நட்சத்திர முனைக்கு: 3⅞ அங்குலச் சதுரம் 4 (இவையும் 7¼ சதுரமும் சேர்ந்துதான் நாலு ‘வாத்து’)

குயில்ட் துணியின் அகலம் 44 அங்குலம் என்று அட்டையில் போட்டிருக்கும். இரண்டு ஓரக் கரையையும் கழித்தால் கைக்கு வருவது 42. கணக்கை எப்போதும் 42-லேயே போடுங்கள்.

பின்னணியில் இருந்து தொடங்கலாம். துணியின் அகலம் முழுக்க வெட்டிய 7¼ அங்குலப் பட்டை ஒன்றில் 5 சதுரம் வரும், ஆக 100-க்கு 20 பட்டை, 145 அங்குல நீளம். ஒவ்வொரு பட்டையின் கடைசியிலும் 5¾ அங்குலம் மிஞ்சும். அதில் 3½ சதுரம் இரண்டு எடுக்கலாம். அப்படி 40 சதுரம் சும்மா கிடைக்கும். மீதி 360 சதுரத்துக்கு 3½ அங்குலப் பட்டை. 42-ஐ 3½-ஆல் வகுத்தால் 12 வருகிறதே என்று 12 போட்டுவிடாதீர்கள். பட்டையின் முனையை நேராக்கவே அரை அங்குலம் போய்விடும், கடைசிச் சதுரம் குறைந்துபோகும். 11 என்று வையுங்கள்: 33 பட்டை, 115½ அங்குலம். ஆகப் பின்னணி 260½ அங்குலம், அதாவது 7¼ கெஜம் (கெஜம் 36 அங்குலம்). சேதாரம் சேர்த்து 8 கெஜம்.

முனைத் துணியில் பட்டைக்கு 10 சதுரம், 40 பட்டை, 155 அங்குலம். 4¾ கெஜம் எடுங்கள். நடுச் சதுரம் பட்டைக்கு 6, அதனால் 17 பட்டை, 110½ அங்குலம். 3½ கெஜம் போதும். மூன்றும் சேர்ந்து 16¼ கெஜம். மொத்தக் கொள்முதல் விலை கெஜம் 6 டாலர் என்று வைத்துக்கொண்டால் துணிச் செலவு 97½ டாலர், கிட்டுக்கு ஒரு டாலர்கூட ஆகவில்லை. ஆனால் விலை போடும்போது பை, அச்சு, வெட்டிய ஆளின் கூலி மூன்றையும் சேர்க்க மறக்க வேண்டாம். இதில் துணியைவிடக் கூலிதான் அதிகம்.

வெட்டுவது

60 மில்லிமீட்டர் ரோட்டரி கட்டர் (உருளும் வட்டக் கத்தி), பெரிய கட்டிங் மேட், 24 அங்குல அக்ரிலிக் ஸ்கேல். முதலில் துணியை இஸ்திரி போடுங்கள். அட்டையில் பல மாதம் மடிந்திருந்த கோடு போகாவிட்டால் அளவு தப்பும். நாலு அடுக்குக்கு மேல் வைக்க வேண்டாம். ஆறு, எட்டு என்று ஆசைப்பட்டால் பிளேடு சாய்ந்து, மேல் சதுரம் சரியாகவும் அடிச் சதுரம் கோணலாகவும் வரும்.

அடுத்த தொல்லை, பட்டையைப் பிரித்தால் நடுவில் முழங்கை மாதிரி ஒரு வளைவு. மடிப்புக் கோட்டுக்கு ஸ்கேல் செங்குத்தாக இல்லாததால் வருவது. மூன்று நாலு பட்டைக்கு ஒருமுறை ஓரத்தை மறுபடி நேராக்கிக்கொண்டால் வராது. பிளேடு மழுங்கியதைக் கைதான் சொல்லும்: ஒரே இழுப்பில் வெட்டாமல் ஆங்காங்கே இரண்டொரு இழை அறுபடாமல் நின்றால் உடனே மாற்றுங்கள். அழுத்திச் சமாளித்தால் ஸ்கேல் நழுவும், விரல் போகும்.

முதல் கிட்டை, செய்முறைத் தாளை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். தைத்து முடித்ததும் 12½ அங்குலம் வர வேண்டும் (குயில்டில் சேர்ந்த பிறகுதான் 12). வராவிட்டால் மீதி 99-ஐ வெட்டுவதற்கு முன்பே பிழை தெரிந்துவிடும். தாளில் வடிவ அச்சு எதுவும் இருந்தால் பக்கத்தில் 1 அங்குலச் சோதனைச் சதுரம் ஒன்றும் அச்சிடுங்கள். பிரிண்டர் பக்கத்துக்கு ஏற்றபடி தானாகச் சுருக்கிவிடும் வழக்கம் உண்டு. கிட் பையில் ‘துவைக்காமல் தைக்கவும்’ என்று போடுங்கள். வெட்டிய சின்னத் துண்டைத் தண்ணீரில் நனைத்தால் ஓரம் பிரிந்து அளவே மாறிவிடும்.

ஃபேட் குவார்ட்டர்

கிட்டுக்கு அடுத்தபடி வேகமாக விற்பது இந்த அகலமான கால் கெஜத் துண்டுதான். அரைக் கெஜம் வெட்டி நடு மடிப்பில் இரண்டாக்கினால் 18×21 அங்குலத்தில் இரண்டு துண்டு. 15 கெஜ அட்டையில் கணக்குப்படி 60 வர வேண்டும். முனை நேராக்கியதும் அட்டையை ஒட்டிக் கசங்கியதும் போக 58 என்று எதிர்பாருங்கள்.

மடிப்பதும் ஒரு வேலைதான். 18 அங்குலப் பக்கத்தைப் பாதியாக்கி, மறுபடி பாதியாக்கினால் 4½ அங்குலம். 21-ஐ மூன்றாக மடித்தால் 7. வெட்டிய ஓரமெல்லாம் உள்ளே போய், மடிப்பு வெளியே தெரிகிற மாதிரி வைத்தால் பத்துப் பேர் எடுத்துப் பார்த்தாலும் இழை பிரியாது. விலைச் சீட்டைத் துணியில் ஒட்டாதீர்கள், பசைக் கறை இறங்கும். சுற்றிக் கட்டிய காகிதப் பட்டியில் ஒட்டுங்கள். கெஜம் 13 டாலர் துணியின் கால் பங்கு 3.25, வெட்டி மடித்ததற்கும் சேர்த்து 3.75 வைத்தால் யாரும் முறைக்க மாட்டார்கள்.

கடைக்குள்

நடைவழி 36 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. சக்கர நாற்காலிக்கு அமெரிக்கச் சட்டம் கேட்கும் அளவு அது. விழாவுக்காக நடுவில் கூடை, மேசை என்று இறக்கும்போது முதலில் பலியாவது இந்த வழிதான், டேப் வைத்து அளந்து பாருங்கள். அவசர வாசலை எக்காரணம் கொண்டும் மறைக்க வேண்டாம்.

முத்திரை மேசையைப் பலர் வாசலிலேயே போட்டுவிடுவார்கள். முத்திரை விழுந்ததும் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள், மீதிப் பேர் வாசலை அடைத்து நிற்பார்கள். கடைக் கோடியில் வையுங்கள். போகிற வழியில் தைத்துத் தொங்கவிட்ட மாதிரிக் குயில்ட், அதற்கு நேர் கீழே அதன் கிட், விலை. ‘இது அழகா இருக்கே, கிட் இருக்கா?’ என்று கேட்பவரிடம் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தால் அந்த மாதிரியை மாட்டவே வேண்டாம். வெயில் படும் கண்ணாடி ஓரத்திலும் வேண்டாம், நிறம் வெளுக்கும்.

வெட்டும் வரிசையும் பணம் கட்டும் வரிசையும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டக் கூடாது. வெட்டும் மேசையில் எண் போட்ட சீட்டு கொடுங்கள். துணி அட்டையை வைத்துவிட்டு அவர் மற்றதைப் பார்க்கப் போகலாம். அப்புறம், வாசல் பக்கம் இரண்டு நாற்காலி. கார் ஓட்டிக்கொண்டு வந்த கணவன்மார் உட்கார இடம் இருந்தால் ‘இன்னும் முடியலையா?’ என்ற குரல் கேட்காது, மனைவிமார் இன்னும் பத்து நிமிடம் கூடுதலாகச் சுற்றுவார்கள். கழிப்பறையில் காகிதச் சுருள் இரட்டிப்பாக இருக்கட்டும். ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் கார் ஓட்டி வந்து இறங்குகிறார்கள். தின்னக் கொடுப்பது காகிதம் சுற்றிய கெட்டி மிட்டாயாக இருக்கட்டும். சாக்லேட் விரலோடு வெள்ளைத் துணியைத் தொட்டால் அந்த அட்டை முழுக்கத் தள்ளுபடியில்தான் போகும்.

முத்திரை, குலுக்கல், கல்லா

தானாக மை தோய்த்துக்கொள்ளும் முத்திரை இரண்டு, மாற்று மை ஒன்று. பக்கத்து வீட்டுக்காரரின் பாஸ்போர்ட்டையும் கொண்டுவருபவர் கட்டாயம் வருவார். குத்தலாமா கூடாதா என்பதைக் குழு ஒரே முடிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கடை குத்திக் கொடுத்து இன்னொரு கடை மறுத்தால் திட்டு வாங்குவது மறுத்த கடைதான்.

குலுக்கலில் சேரப் பொருள் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். பரிசு, அதிர்ஷ்டம், அதற்காகக் கொடுத்த பணம் மூன்றும் சேர்ந்தால் அமெரிக்கச் சட்டத்தில் அது லாட்டரி. தனியார் நடத்தினால் குற்றம். ‘எதுவும் வாங்கத் தேவையில்லை’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

கல்லாவில் ஒவ்வொரு கிட்டுக்கும் தனி பார்கோடு இருக்க வேண்டும். 1 டாலர், 5 டாலர் நோட்டுகளைப் புதன்கிழமையே வங்கியில் வாங்கி வையுங்கள். இணையம் அறுந்தால் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் கார்டு மெஷின் ஓடுகிறதா என்று முதல் நாளே சோதித்துப் பாருங்கள், கூட்டத்துக்கு நடுவில் அல்ல.

ஆட்கள்

நடுத்தரக் கடைக்கு ஐந்து பேர்: வெட்ட இருவர், கல்லாவில் ஒருவர், முத்திரை மேசையில் ஒருவர், ஐந்தாமவர் கை காலியாக. இந்த ஐந்தாவது ஆளைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிப்பார்கள், பிறகு வருத்தப்படுவார்கள். வெட்டி முடித்த அட்டைகளை அலமாரியில் திரும்ப வைப்பது, கூடையை நிரப்புவது, சாப்பாட்டு நேரத்தில் மற்றவரை விடுவிப்பது எல்லாம் அவர் வேலை. அவர் இல்லாத கடையில் மதியத்துக்குள் வெட்டும் மேசையில் முப்பது அட்டை குவிந்து, வெட்ட இடமே இருக்காது.

தினமும் கடை அடைத்த பிறகு

கிட், செய்முறைத் தாள், ஃபேட் குவார்ட்டர் மூன்றையும் எண்ணி எழுதுங்கள். முதல் நாளே 100-ல் 40 போயிருந்தால் அன்று இரவே வெட்டாமல் வைத்த துணியை எடுங்கள். பட்டைகளை இரவு வெட்டுங்கள், சதுரங்களைக் காலையில்; களைத்த கைக்குச் சதுரம் தப்பும். கிட் அடியோடு தீர்ந்துவிட்டால் கூட்டத்துக்கு நடுவில் ஒன்றொன்றாக வெட்டித் தர முயல வேண்டாம். பணத்தை வாங்கிக்கொண்டு, பெயரும் முகவரியும் எழுதி, தபாலில் அனுப்பும் தேதியைச் சீட்டில் குறித்துக் கொடுங்கள். அந்தத் துணி கையில் இருந்தால் மட்டும்.

கடைசி நாள் மாலை குலுக்கல் சீட்டுப் பெட்டியை இரண்டு பேர் முன்னிலையில் மூடி, ஒட்டி, குழுவிடம் கொடுங்கள். சீட்டில் இருக்கும் தொலைபேசி எண்களை உங்கள் விளம்பரப் பட்டியலுக்கு எடுக்க வேண்டாம். அதற்கு விருப்பம் உள்ளவர்கள் எழுத முத்திரை மேசையிலேயே தனி நோட்டு ஒன்று வைத்திருக்க வேண்டும். மிஞ்சிய கிட்டுகளைப் பிரிக்காதீர்கள். ஷாப் ஹாப்புக்கு வர முடியாதவர்கள் அடுத்த வாரமே போன் பண்ணி, ‘அந்த நட்சத்திரம் இன்னும் இருக்கா?’ என்று கேட்பார்கள்.