பயம் என்ற சொல்லை நீக்கிய கதை

சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் தனியாக வாழும் ஒரு மூதாட்டியைப் பற்றிய என் சிறுகதை மூன்று முறை திருத்தியும் உயிர் பெறவில்லை. "தனிமை அவளை அச்சுறுத்தியது" என்று எழுதிய வரியை நானே நம்பவில்லை என்பதுதான் கோளாறு. தனிமைக்கு நான் அஞ்சியதே இல்லை. ஒன்பது வயதில், விளக்கணைந்து நின்றுபோன மின்தூக்கிக்குள் அரை மணி நேரம் அகப்பட்டதிலிருந்து, மூடும் கதவுகளுக்குத்தான் இன்றும் அஞ்சுகிறேன். (வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.)

அந்த அச்சத்தை அவளுக்குக் கொடுத்தேன். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிக் கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி சில தளங்களில் மட்டுமே நின்றதால், நான்காம் மாடியில் குடியிருந்த அவள் படியேறுவது எவர் கண்ணையும் உறுத்தவில்லை. 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தின் பயனாக மின்தூக்கி ஒவ்வொரு தளத்திலும் நிற்கத் தொடங்கியபோதுதான் அவளுக்குச் சாக்கு இல்லாமல் போனது. பிறகு "பயம்", "அச்சம்" ஆகிய சொற்களைக் கதையிலிருந்து முற்றிலும் நீக்கினேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் மீன் பையைக் கைமாற்றிக்கொண்டு மூச்சு வாங்குபவளிடம், "லிஃப்ட் இருக்கும்போது ஏன் பாட்டி நடக்குறீங்க?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்க, "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காருப்பா" என்று பொய் சொல்கிறாள். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு, மீதிக் கதையை இரண்டே இரவுகளில் எழுதி முடித்தேன்.