ஆட்டிசம் உள்ள குழந்தையிடம் வகுப்பில் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

"எத்தனை தடவை சொன்னாலும் கேட்கவே மாட்டேங்கிறான்." ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றி ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் இப்படிச் சொல்வதுண்டு. பல நேரம் சிக்கலே அந்த 'எத்தனை தடவை'யில்தான் இருக்கிறது.

"நோட்டை எடு" என்கிறோம். குழந்தை அசையவில்லை. இரண்டு நொடிகூட ஆகியிருக்காது, "கணக்கு நோட்டுப்பா, பைக்குள்ள பாரு" என்கிறோம். உடனே, "இன்னும் எடுக்கலையா? எல்லாரும் எழுத ஆரம்பிச்சாச்சு!" நமக்கு மூன்றும் ஒன்றுதான். முதலில் சொன்னதையே இன்னும் மனதில் வாங்கிக்கொண்டிருக்கும் குழந்தைக்கோ மூன்றும் வேறு வேறு. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருமுறை சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணிப் பாருங்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் காத்திருப்பது சிரமம்தான், ஆனால் பலன் உண்டு. மறுபடி சொல்ல வேண்டியிருந்தால் அதே சொற்கள், அதே குரல்.

"எல்லாரும் வரிசையில நில்லுங்க" என்று பொதுவாகச் சொன்னால், அது தனக்கும்தான் என்று சில குழந்தைகளுக்குப் புரியாது. பக்கத்தில் போய்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அதற்காக "என் கண்ணைப் பாரு" என்று முகத்தைத் திருப்ப வேண்டாம். கண்ணைப் பார்க்கச் சொன்னால், சொல்வதைக் கேட்க முடியாமல் போகிற குழந்தைகள் உண்டு.

"எழுதலாமா?" என்று கேட்டு, "வேண்டாம்" என்றதும் அடம் என்று கோபப்படுவதும் சரியில்லை. கேட்டதற்குத்தானே பதில் வந்தது? "எழுது" என்றே சொல்லலாம். "ஓடாதே" என்பதைவிட "மெதுவா நட" தெளிவு.

அப்புறம், நான்கு வேலைகளை ஒரே மூச்சில் சொல்வது: தேதி போடு, போர்டில் இருப்பதை எழுது, நோட்டை மேசையில் வை, டிபன் பாக்ஸை எடு. குழந்தை டிபன் பாக்ஸோடு நின்றால் ஆச்சரியமில்லை. பேச்சு காற்றோடு போய்விடும், படம் கண்முன் நிற்கும். அமெரிக்காவின் வட கரோலினாவில் உளவியலாளர் எரிக் ஷாப்லர் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக உருவாக்கிய 'டீச்' (TEACCH) என்ற கற்பித்தல் முறை, படங்களையும் ஒழுங்கான அட்டவணையையும் பெரிதும் நம்புவது இதனால்தான். குழந்தையின் சொந்த நோட்டையும் டிபன் பாக்ஸையும் மொபைலில் படமெடுத்து, பிரிண்ட் போட்டு, அட்டையில் கழற்ற வரும்படி வரிசையாக ஒட்டினால் போதும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் அந்தப் படத்தைக் குழந்தையே கழற்றி உறையில் போடட்டும்.

"இப்பதான் நல்லா செய்றானே" என்று அட்டையை எடுத்துவிடுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் அவசரமாகச் செய்யாதீர்கள். அட்டை இருப்பதால்தான் நன்றாகச் செய்கிறான். "ஒருத்தனுக்காக இதெல்லாம் முடியாது" என்று பள்ளியில் சொன்னால் பெற்றோர் வலியுறுத்திக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் அடங்கும். குழந்தையின் தேவைக்கேற்ப வசதி செய்துதருவது அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் அச்சட்டப்படி கடமை.