பழைய சன் ஸ்பார்க்ஸ்டேஷனில் டெக் நிறுவுதல்

டெக் என்பது ஆவணங்களை அச்சுக்கோக்கும் மென்பொருள். சன் நிறுவனத்தின் சோலாரிஸ் இயங்குதளம் ஓடும் பழைய ஸ்பார்க்ஸ்டேஷன் கணினிக்கு, 2005-இல் வந்த டீடெக் 3.0 என்ற டெக் தொகுப்பு தாராளமாகப் போதும். மூலநிரல், டெக்ஸ்எம்எஃப் (எழுத்துருக்களும் மேக்ரோக்களும் அடங்கியது) என இரண்டு தொகுப்புகளையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

முதல் தடை, மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும் கம்பைலர்தான். யூசிபி அடைவில் ‘சிசி’ என்ற கம்பைலர் கண்ணில் படும். அது வெறும் கூடு. மொழித் தொகுப்பு நிறுவப்படவில்லை என்று சொல்லி நின்றுவிடும். அதனால் ஜிசிசி கம்பைலர், கட்டுமானத்தை நடத்தும் குனு மேக், தொகுப்பைப் பிரிக்கும் குனு டார் மூன்றையும் முதலில் போட்டுவிடுங்கள். நூலகக் கோப்பு உருவாக்கும் ஏஆர், நிரல்துண்டுகளை இணைக்கும் எல்டி இரண்டும் சிசிஎஸ் அடைவின் ‘பின்’னுக்குள் இருக்கின்றன. கட்டளைகளைத் தேடவேண்டிய அடைவுகளைச் சொல்லும் பாத் மாறியில் அந்தப் ‘பின்’ அடைவை யூசிபிக்கு முன்னால் வையுங்கள். விட்டுப்போனால் பாதி வேலையில் ‘ஏஆர் இல்லை’ என்று கட்டுமானம் முறியும்.

டெக்ஸ்எம்எஃப் தொகுப்பை சோலாரிஸின் சொந்த டாரால் பிரிக்கவே கூடாது. குனு முறையில் சேமித்த நீளமான கோப்புப் பெயர்கள் அதற்குப் புரியாது. ‘லாங்லிங்க்’ என்றொரு கோப்பு முளைத்திருக்கிறதா? அனைத்தையும் அழித்துவிட்டு, குனு டாரால் மறுபடி பிரியுங்கள்.

பிரித்த டெக்ஸ்எம்எஃப்பை, டீடெக் நிறுவும் இடத்தின் ‘ஷேர்’ அடைவில் வைத்தபிறகே மூலநிரலைக் கான்ஃபிகர் செய்து, குனு மேக்கில் ‘வேர்ல்டு’ கொடுக்கவேண்டும். முடிந்ததும் டெக்ஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் தாளை ஏ4 ஆக்குங்கள்.

பிறகு புது ஸ்டைல் கோப்பு சேர்க்கும்போதெல்லாம் கோப்புப் பட்டியலைப் புதுப்பிக்கும் எம்கேடெக்ஸ்எல்எஸ்ஆர் கட்டளையை ஓட்டுங்கள்; ஓட்டாவிட்டால் கோப்பு கண்முன் இருந்தும் லேடெக் (டெக்கின் மேல் எழுதப்பட்ட மேக்ரோ தொகுப்பு) அதைக் காணாது. எழுத்துருச் சேமிப்பு அடைவுக்கு எல்லாப் பயனரும் எழுதக்கூடிய 1777 அனுமதி கொடுங்கள். டைப் 1 என்ற எழுத்துரு வடிவில் இல்லாத எழுத்துருவை முதன்முறை திறக்கையில், டெக் வெளியீட்டைத் திரையில் காட்டும் எக்ஸ்டிவிஐ உறைந்ததுபோலத் தெரியும். பின்னால் மெட்டாஃபாண்ட் என்ற எழுத்துரு நிரல் எழுத்துகளை வரைந்துகொண்டிருக்கிறது. நிறுத்தாமல் காத்திருங்கள்.